வாசலைத் தீர்மானித்தது அத்தையின் முழங்கால்

கோழிக்கூடு கட்டப்போகிறோம் என்றதும், கூரைக்கு என்ன போடப்போகிறாய், தரைக்கு என்ன போடப்போகிறாய் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். வாசலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கதவுதானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது பொதுவான எண்ணம். எனக்கு அது சரியாகப் படவில்லை. கூரையை ஒருமுறை போட்டால் சில வருடங்களுக்கு அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. கதவை மட்டும் தினமும் காலையில் திறந்து மாலையில் அடைத்தே ஆக வேண்டும். வீட்டில் காய்ச்சல் என்றாலும் கல்யாணம் என்றாலும் கோழிக்கு அது பொருட்டில்லை. ஒரு நாள் அடைக்க மறந்தால் மறுநாள் காலையில் இறகுதான் மிஞ்சும்.

எங்கள் வீடு முசிறிக்கும் தொட்டியத்துக்கும் நடுவில், வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. ஒரு பக்கம் வாழை, மறுபக்கம் கோரை. வாழையும் கோரையும் இருக்கிற இடத்தில் எலி இருக்கும். எலி இருந்தால் பாம்பு இருக்கும். கணவருக்குத் திருச்சியில் வேலை. வீடு வந்து சேர எட்டு மணி ஆகிவிடும். நான் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஏழு மணிக்கு முன்னால் வீட்டில் செருப்பைக் கழற்றுவது அபூர்வம். ஆகவே கோழி அடைகிற நேரத்தில் வீட்டில் இருப்பவர் அத்தை மட்டும்தான். அத்தைக்கு வயது 71. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. குனிந்தால் நிமிர்வதற்குப் பக்கத்தில் ஒரு தூண் வேண்டும். கூட்டின் வாசலைப் பற்றி எடுத்த முடிவுகள் பெரும்பாலும் இந்தப் பத்தியிலிருந்து வந்தவைதான். கோழியின் விருப்பத்தைக் கேட்டு எடுத்தவை மிகவும் குறைவு.

அதுவரை எங்களிடம் இருந்தது பஞ்சாரம். மூங்கில் பிளாச்சில் பின்னிய பெரிய கூடையைக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தால் வேலை முடிந்தது. பஞ்சாரத்துக்குத் தனியாக வாசல் கிடையாது. கூடை முழுவதுமே வாசல்தான். குஞ்சுகளோடு இருக்கும் தாய்க்கோழிக்கு இன்றும் அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. ஆனால் வளர்ந்த கோழிகள் பெருகியபின் நிலைமை வேறு. பஞ்சாரத்தைத் தூக்கக் குனிய வேண்டும், கல்லை எடுக்கக் குனிய வேண்டும், ஓடுகிறதைப் பிடித்து உள்ளே விடக் குனிய வேண்டும். அத்தையின் பிறந்த வீட்டில் திண்ணைக்கு அடியிலேயே கூடு இருந்ததாம். மண்சுவரில் ஒரு பொந்து, அதை மூட ஒரு பலகை, பலகைக்கு முட்டுக்கொடுக்கத் தேய்ந்துபோன அம்மிக்கல். அந்தக் கல்தான் பூட்டு. அதையே இங்கும் செய்யலாமே என்று என் கணவர் சொன்னபோது, “அம்மிக்கல்லை நகர்த்த நீ ஆறு மணிக்கு வந்துவிடுவாயா?” என்று அத்தை கேட்டார். பேச்சு அதோடு முடிந்தது.

கூட்டைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஆறடி நீளம், நான்கடி அகலம். கல்கால்களின் மேல் ஒன்றரை அடி உயரத்தில் நிற்கிறது. அடியில் காற்று போகும், வாய்க்கால் ஈரம் ஏறாது, எலி வளை தோண்டிக் குடியேற முடியாது. சுவரின் கீழ்ப்பாதி பலகை, மேல்பாதி அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ். அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழி வலை மலிவாகக் கிடைத்தது, வேண்டாம் என்றுவிட்டேன். அது கோழியை ஓர் எல்லைக்குள் நிறுத்தி வைக்கிற வலை. நாய் பல்லால் பற்றி இழுத்தால் பிரிந்துவிடும். குட்டிப் பாம்பு அதன் கண் வழியாகவே போய்வரும். மேல்பாதியை மறைக்காமல் விட்டதற்கு எங்கள் ஊர் வெயில் காரணம். கோழிக்கு வியர்க்காது, வாயைப் பிளந்து மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சித்திரை மாதத்தில் காற்று ஓடாத கூட்டுக்குள் அதை அடைத்து வைப்பது பாவம்.

வாசலுக்கு வருகிறேன். யாரைத் தடுக்க வேண்டும் என்பதை முதலில் பட்டியல் போட்டோம். எல்லோரும் கீரி என்றுதான் ஆரம்பித்தார்கள். கீரி பகலில் இரை தேடும் பிராணி. முட்டையிடப் போகும் கோழிக்காகப் பகல் முழுவதும் கூட்டின் வாசல் திறந்தே இருக்க வேண்டும். ஆகவே எந்தக் கதவும் கீரிக்கு அவ்வளவாகப் பதில் சொல்லாது. அதற்குக் காவல் எங்கள் வீட்டு நாயும் அத்தையின் குரலும்தான். இரவுப் பட்டியல் வேறு. தென்னையிலிருந்து ஓட்டின் மேல் மரநாய் குதிக்கிற சத்தம் எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. கோரைக்குள்ளிருந்து காட்டுப்பூனை வரும். எலியைத் தேடியும் முட்டைக்கும் குஞ்சுக்கும் நல்லபாம்பு வரும். மரநாய்க்குக் கொஞ்சம் சந்து கிடைத்தால் நகத்தை விட்டு நெம்பிப் பார்க்கும். பாம்புக்குப் பலமே வேண்டாம், சந்து மட்டும் போதும். அப்படியானால் கதவு எவ்வளவு கனம் என்பதைக் காட்டிலும் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதுதான் கேள்வி. சுண்டுவிரல் நுழையக் கூடாது என்று ஆசாரியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

முதலில் போனது ஆசாரியிடம் அல்ல, வெல்டிங் பட்டறைக்கு. நாமக்கல் இங்கிருந்து பக்கம்தான். அங்கிருக்கும் முட்டைப் பண்ணைகளுக்குக் கூண்டு அடித்துப் பழகியவர் அந்தப் பட்டறைக்காரர். நான் வாயைத் திறப்பதற்குள் காகிதத்தில் படம் போட்டுவிட்டார்: கம்பிக் கதவு, பக்கத்தில் இரண்டு கீல், ஒரு கொண்டி. திறமையான மனிதர், குறை சொல்லமாட்டேன். ஆனால் பண்ணைக் கூண்டில் கோழி தானாக உள்ளே போவதும் இல்லை, வெளியே வருவதும் இல்லை. அங்கே கதவு என்பது மனிதக் கை நுழைவதற்கான வழி. புறக்கடைக் கோழி காலையில் தானே இறங்கி, ஊர் சுற்றி, மாலையில் தானே ஏறுகிறது. அதற்கு வேண்டியது வாசல். கீல் கதவில் வேறு தொல்லைகளும் இருக்கின்றன. உள்பக்கம் திறந்தால் தரையில் பரப்பிய உமி தடுக்கும். வெளிப்பக்கம் திறந்தால் ஆடிக் காற்றில் படார் படாரென்று அடித்துக்கொள்ளும்; அந்தச் சத்தத்துக்கே கோழிகள் முருங்கை மரத்தில் போய் அடைந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கொண்டியைப் போட ஒருவர் கூட்டருகே போய்க் குனிய வேண்டும்.

அடுத்தது பக்கவாட்டில் தள்ளுகிற கதவு. ஜன்னலுக்குப் போடுகிற அலுமினியச் சேனலில் ஓடும், பார்க்க அழகாக இருக்கும். கீழ்ச் சேனலில் உமியும் எச்சமும் மண்ணும் விழுந்து, கூடிய சீக்கிரம் பாதி வழியில் நின்றுவிடும். தினமும் குச்சி வைத்துச் சுரண்ட ஆள் இருந்தால் போடலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. கதவின் கீழ்விளிம்பில் கீல், மேல்விளிம்பில் கயிறு. கயிற்றைத் தளர்த்தினால் கதவே தரைவரை சாய்ந்து ஏறுபலகை ஆகிவிடும். இழுத்தால் நிமிர்ந்து மூடிக்கொள்ளும். கோட்டை அகழியின் தூக்குப்பாலம் நம் வீட்டுக் கொல்லையில்! காணொளிகளில் பார்த்துச் சொக்கிப்போயிருந்தேன். என் சொக்கலைக் கலைத்தவர் அத்தை. “கோழி எச்சம் போடாமல் ஏறுமா?” என்றார். ஏறாது. நாள் முழுவதும் அதன்மேல் விழுந்ததெல்லாம் மாலையில் கதவோடு சேர்ந்து நிமிர்ந்து, நிலையின் விளிம்பில் ஒட்டி, சந்து விடும். ஐப்பசி மழையில் பலகை ஊறிக் கனக்கும். அந்தக் கனத்தைத் தினமும் மேலே இழுக்க வேண்டியவர் அத்தை. கதவு கனமாக இருந்தால் அந்தக் கனம் மூடுவதற்கு உதவ வேண்டும், எதிராக நிற்கக் கூடாது. இந்த ஒரு கணக்கிலேயே தூக்குப்பாலம் தோற்றது.

மிச்சம் இருந்தது மேலே தூக்குகிற கதவு. ஏரி மதகின் பலகை போல, இரண்டு பக்கச் சட்டங்களின் பள்ளத்தில் நின்று ஏறி இறங்கும். கயிற்றைப் பிடித்து இழுத்தால் திறக்கும். விட்டால் தன் கனத்தில் இறங்கி மூடும். இழுக்கிற வேலை காலையில். அப்போது நான் வீட்டில் இருப்பேன். மாலையில் விடுகிற வேலை மட்டும்தான்.

நடுவில் என் தம்பி தானியங்கிக் கதவு என்று ஒரு யோசனை சொன்னான். வெளிச்சம் குறைந்ததும் ஒரு சிறு மோட்டார் கதவை இறக்கிவிடும், விடிந்ததும் தூக்கிவிடும். சோம்பேறித்தனத்துக்கு வழி என்று நான் அதை ஒதுக்கவில்லை, யோசித்துத்தான் ஒதுக்கினேன். அந்தக் கதவு பிறந்த ஊர்களைப் பாருங்கள். லண்டனில் டிசம்பர் மாதம் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் இரவு 9 மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். அவ்வளவு இழுபடுகிற அந்தியைத் துரத்திக்கொண்டு எந்த மனிதர் ஓடுவார்? அங்கே மோட்டார் நியாயம். திருச்சிப் பக்கம் நவம்பரில் 5.50 வாக்கில் சூரியன் மறைகிறது, ஜூலையில் 6.40 தாண்டி மறைகிறது. வருடம் முழுவதற்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குள். விளக்கு வைக்கிற நேரமும் கோழி அடைகிற நேரமும் இங்கே ஒன்றாகவே வருகின்றன. போதாக்குறைக்கு, மழை மேகம் திரண்டால் எங்கள் ஊரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். வெளிச்சத்தை மட்டும் நம்புகிற கதவு அதை அந்தி என்று எண்ணி மூடிக்கொண்டால், பாதிக் கோழி வெளியே நனையும். எல்லாக் கோழியும் வந்துவிட்டதா என்று மோட்டார் பார்க்காது. அத்தை பார்ப்பார். அதுவும் எண்ணிப் பார்ப்பதில்லை. செவலை வந்தாயிற்று, புள்ளி வந்தாயிற்று, கொண்டைக்காரி எங்கே என்று பேர் சொல்லிப் பார்ப்பார்.

ஆசாரி வேப்பம் பலகை போதும் என்றார். கரையான் அவ்வளவு எளிதில் வராது, எச்சத்தின் காரத்தையும் தாங்கும். பிளைவுட் மலிவுதான், ஆனால் ஈரத்தில் உப்பிப் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். வாசலின் அகலம் ஓர் அடி, உயரம் ஒன்றேகால் அடி. எங்களிடம் இருப்பவை பெரும்பாலும் சிறுவிடைக் கோழிகள்; அவற்றுக்கு இது தாராளம். மைத்துனர் கொடுத்த பெருவிடைச் சேவல் ஒன்று இருக்கிறது. நிமிர்ந்து நின்றால் இரண்டடி இருக்கும். அதற்காக வாசலை உயர்த்த வேண்டும் என்று என் கணவர் அளவுநாடாவோடு சேவலைத் துரத்தினார். சேவல் தலையைத் தாழ்த்தி உள்ளே போகும் என்று அத்தை சொன்னார். அப்படித்தான் போகிறது, கொஞ்சம் கௌரவக் குறைச்சலோடு.

வாசலின் அடிவிளிம்பு கூட்டின் தரையிலிருந்து ஐந்து அங்குலம் மேலே இருக்கிறது. அந்தத் தடுப்பு இல்லாவிட்டால் உள்ளே பரப்பிய உமியைக் கோழிகள் கிளறிக் கிளறி வெளியே தள்ளிவிடும். பக்கச் சட்டங்களில் பள்ளம் உண்டு. கீழே பள்ளம் வைக்கவில்லை, வைத்தால் அதில் குப்பை சேரும். அதற்குப் பதிலாக நிலையின் கீழ்ப்பகுதியில் வெளிப்புறமாக ஒரு ரீப்பர், அதாவது மெல்லிய மரச்சட்டம், அடித்திருக்கிறது. இறங்கிய கதவின் அடி அந்த ரீப்பருக்குப் பின்னால் போய் ஓர் அங்குலம் மறைந்து உட்கார்ந்துவிடும். வெளியிலிருந்து நகம் பிடிக்க விளிம்பே கிடைக்காது. இந்த ரீப்பரை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். தூக்குக் கதவைக் குறை சொல்பவர்கள் எல்லோரும், அடியில் நகம் கொடுத்துத் தூக்கிவிடும் என்பதைத்தான் சொல்வார்கள். பக்கத்துப் பள்ளங்களில் செள்ளு ஒளிந்துகொள்ளும் என்பது இன்னொரு குறை, அது உண்மை. பகலில் மரச்சந்துகளில் பதுங்கி, இரவில் கோழியின் இரத்தத்தைக் குடிக்கிற ஜீவன் அது. அதனால் கதவை மேலே முழுவதும் உருவி எடுக்கிற மாதிரி செய்யச் சொன்னேன். அவ்வப்போது உருவி, பள்ளத்தைச் சுரண்டி, வேப்பெண்ணெய் தடவி, திரும்பப் போட்டுவிடுகிறோம்.

கயிறு விஷயத்துக்கு வருவோம். கதவின் மேல்நடுவில் ஒரு வளையம். அதிலிருந்து நைலான் கயிறு நேரே மேலே போய், கூரைச் சட்டத்தில் மாட்டிய சிறு கப்பியில் திரும்பி, வேப்பமரக் கிளையில் இன்னொரு கப்பி வழியாக, சமையலறைப் பின்வாசல் தூணுக்கு வருகிறது. தூணில் இடுப்பு உயரத்தில் இரண்டு ஆணிகள். கீழ் ஆணியில் கயிற்று வளையம் மாட்டியிருந்தால் வாசல் முழுதாகத் திறந்திருக்கிறது என்று அர்த்தம். மேல் ஆணியில் மாட்டினால் பாதி. பாதித் திறப்பு எதற்கென்றால், அந்தி சரியும்போது கதவை அரைவாசி இறக்கிவைத்துவிட்டால், உள்ளே போனவை திரும்ப வெளியே வரத் தயங்கும், பிந்தி வருகிற கொண்டைக்காரி குனிந்து நுழைந்துவிடும். இந்த இரண்டாவது ஆணி அத்தையின் யோசனை. கயிற்றைச் சட்டென்று விடக் கூடாது. கதவின் கீழே ஒரு கழுத்து இருந்தால் பெரும் பாவம். முடிச்சு முடிச்சாகக் கை மாற்றி விடும்படி கயிற்றில் அரை முழத்துக்கு ஒரு முடிச்சு போட்டிருக்கிறது. பலகை, ரீப்பர், கப்பி, கயிறு, ஆசாரியின் அரை நாள் கூலி எல்லாம் சேர்த்துக் கதவுக்கு 1,150 ரூபாய் ஆனது.

வாசல் எந்தத் திசையைப் பார்ப்பது என்பதில்தான் வீட்டில் பெரிய வழக்கு. கிழக்கே வைத்தால் காலை வெயில் முதலில் விழும், ஆனால் ஐப்பசி கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து அடித்து உமியை நனைக்கும். நனைந்த உமி நாறும், நோயைக் கூட்டும். மேற்கே வைத்தால் ஆடிக் காற்றும் பிற்பகல் வெயிலும். தெற்கே வைத்தால் சமையலறைப் பின்வாசலிலிருந்து நேராகத் தெரியும். தெற்கு என்றதும் பெரிய மாமா வந்து உட்கார்ந்துகொண்டார். தெற்கு வாசல் ஆகாது, குடும்பத்துக்கு இழப்பு என்றார். கோழிக் குடும்பத்துக்கா நம் குடும்பத்துக்கா என்று கேட்டேன். அவர் யோசித்துச் சொல்வதாகப் போனார். அதற்குள் ஆசாரி தெற்கே வாசலை அறுத்துவிட்டார். கூரையை வாசலுக்கு மேல் ஒன்றரை அடி நீட்டிவிட்டதால் சாரலும் பெரிதாக இல்லை.

ஏறுபலகை தனியாகச் சாய்த்து வைத்தது. நான்கடி நீளம், ஐந்து அங்குலத்துக்கு ஒரு ரீப்பர் துண்டு குறுக்கே. அழுக்கானால் தூக்கிப் போய்க் குழாயடியில் கழுவலாம்.

கதவு எவ்வளவு நன்றாக அமைந்தாலும் புதுக் கூட்டுக்குள் கோழிகள் முதல் நாளே வரிசையாகப் போய்விடாது. மரத்தில் ஏறி அடைவது அவற்றின் காட்டு முன்னோர்களின் பழக்கம். எங்கள் விடைக்கோழிகளுக்கு முருங்கை மரம்தான் சொந்த ஊர். அந்தி மங்கியபின் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது என்பது இங்கே உதவுகிறது. இருட்டியபின் மரத்திலிருந்து கையால் எடுத்தால் அதிகம் போராடாது. அப்படி எடுத்து உள்ளே விட்டு, சில நாட்கள் கூட்டிலேயே தீனியும் தண்ணீரும் வைத்து அடைத்தே வைத்திருந்தோம். அதன்பின் திறந்துவிட்டபோது மாலையில் தானாக வந்தன.

எதிர்பாராத சிக்கல் ஒன்று உண்டு. செவலை முதலில் ஏறி, வாசலுக்கு உள்ளேயே நின்றுகொண்டு, பின்னால் வருகிற விடைக்கோழிகளின் தலையில் கொத்தும். ஓர் அடி வாசலில் அதைத் தாண்டிப் போக இடமில்லை. வாசலை அகலப்படுத்தலாம் என்றால் சந்தும் கனமும் கூடும். ஆகவே உள்ளே இருந்த பரணை மாற்றினோம். வாசலுக்கு அருகில் இருந்த உயரமான கம்பை எடுத்துவிட்டு, எதிர்ச் சுவரோரம் இன்னும் உயரமாக ஒன்றைக் கட்டினோம். உயரமான இடம் தனக்கே வேண்டும் என்று செவலை இப்போது முதலில் அங்கே ஓடுகிறது, வாசல் காலியாகிவிடுகிறது. இரண்டாவதாக ஒரு சிறு வாசல் வைக்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இரண்டு வாசலுக்கு இரண்டு கயிறு. அத்தைக்கு ஒன்று போதும்.

மனிதர் கை நுழைவதற்கான பெரிய கதவு கூட்டின் பின்பக்கம், வடக்கே இருக்கிறது. அதற்குப் பட்டறைக்காரரின் கீலும் கொண்டியும்தான்; முட்டை எடுக்கவும் சுரண்டி விட்டுக் கூட்டைச் சுத்தம் செய்யவும் அது வசதி. அதில் பூட்டும் தொங்குகிறது. மரநாயும் பாம்பும் பூட்டைப் பற்றிக் கவலைப்படமாட்டா. பெருவிடைச் சேவலை நோட்டம் விடுகிற இரண்டு கால் ஆட்கள் படுவார்கள், அதுவும் பொங்கல் நெருங்கினால். சாவி அத்தையின் முந்தானை முடிச்சில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முட்டை எடுக்க வேண்டுமானால் நானும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.